இனாம் காவலுக்கு ஒரு கும்பிடு

ஏல பேராண்டி, கருப்பட்டி விக்கதுக்கு வெப்சைட் கட்டிட்டன்னு கேள்விப்பட்டேன். சந்தோசம். உடன்குடிக் கருப்பட்டியை உலகம் பூரா திங்கட்டும். ஆனா அதைக் கிளவுட்ஃப்ளேருக்குப் பின்னால வச்சிருக்கேன், வேகத்துக்கு வேகம், காவலுக்குக் காவல், அஞ்சு பைசா செலவில்லன்னு ஒரு வார்த்தை சொன்ன பாரு, அங்கதான் எனக்குக் காது கூர்மையாச்சு. நீ வாட்ஸப்புல தள்ளிவிடுத லிங்கை எல்லாம் கெழவன் தொறக்கவே மாட்டான்னு நெனச்சியாக்கும்? தூக்கம் வராத வயசுல எனக்கு வேற என்ன சோலி?

மொதல்ல உன்னை மெச்சிக்கிடுதேன். பேரு பதிஞ்ச எடத்துல போயி, பழைய நேம் சர்வரை அழிச்சிட்டு, அவன் குடுத்த ரெண்டு பேரை எழுதிட்டு வந்துட்ட. அவன் குடுக்கது பெரும்பாலும் ஒரு ஆம்பளப் பேரும் ஒரு பொம்பளப் பேருமா ஜோடியாத்தான் இருக்கும். அந்த ஜோடி யாரு, எந்த ஊருன்னு ஒரு வார்த்தை கேட்டியா? உனக்குப் பொண்ணு பாக்கப் போனப்போ மூணு தலைமுறைக்கு விசாரிச்ச குடும்பம்லா இது! கடைக்கு மட்டும் விசாரணை வேண்டாமோ? சரி, நீ கேக்காததை நான் விசாரிச்சு வச்சிருக்கேன். கேட்டுக்கோ.

2004ல மேத்யூ பிரின்ஸ், லீ ஹாலவேன்னு ரெண்டு பேரு ‘ப்ராஜெக்ட் ஹனி பாட்’னு ஒண்ணை ஆரம்பிச்சாவ. குப்பை மெயில் அனுப்புதவன் வெப்சைட் வெப்சைட்டா ஏறி எறங்கி மெயில் முகவரி பொறுக்குவாம்லா, அவனைப் பிடிக்க வச்ச கண்ணி அது. ஆயிரக்கணக்கான பேரு தங்க தங்க சைட்டுல அந்தக் கண்ணியை வச்சுக்கிட்டாவ. பிரின்ஸ் சட்டம் படிச்ச ஆளு. பொறவு ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலுக்குப் போனாரு. அங்க கூடப் படிச்சவ கனடாக்காரப் பொண்ணு மிஷெல் ஜாட்லின். கள்ளனை அடையாளம் காட்டினா மட்டும் போதுமா, உள்ள விடாமத் தடுக்க வேண்டாமாங்கிற யோசனையில மூணு பேருமாச் சேந்து 2009ல கிளவுட்ஃப்ளேர் கம்பெனியைத் தொடங்குனாவ. 2010 செப்டம்பர்ல சான் பிரான்சிஸ்கோவுல டெக்கிரஞ்ச் மாநாட்டு மேடையில ஏத்தி வெளிய விட்டாவ.

அதுல ஒரு வேடிக்கை. நடுவுல ஒருத்தன் நின்னு வாறவன் போறவனை எல்லாம் சோதிச்சா சைட் மெதுவாத்தானே வரும்? அவியளே அப்படித்தான் பயந்துக்கிட்டு இருந்தாவ. சோதனைக்கு எடுத்துப் பாத்தவங்களோ, முன்னைக்கு இப்போ சராசரியா 30 சதவீதம் வேகமா வருதேன்னு சொன்னாவ. வீணா வந்து முட்டுத கூட்டத்தைக் கழிச்சுவிட்டது கொஞ்சம், பக்கத்துலயே படி எடுத்து வச்சது கொஞ்சம். காவலுக்குன்னு செஞ்ச சரக்கு வேகத்துக்கும் சேத்து வித்துது. எண்ணித் துணிஞ்சதை விட எண்ணாமக் கெடச்சதுலதான் பல கம்பெனி பிழைக்குது. நீ பிசினஸ் பிளான்னு நாப்பது பக்கம் எழுதினியே, அதுல இந்த வரி இருக்கா?

படி எடுத்து வைக்குத சமாச்சாரத்தை நல்லாப் புரிஞ்சுக்கோ. நம்ம கோயில்ல மூலவர் எடத்தை விட்டு அசைய மாட்டாரு. தெருவுக்கு வாறது உற்சவர். நடக்க மாட்டாத கெழவி வாசல்ல நின்னபடியே கும்பிட்டுக்கிடுதா. உன் சைட் குடியிருக்குத சர்வர்தான் மூலவர். கருப்பட்டிப் படம், கடைச் சின்னம், எழுத்துரு எல்லாம் உற்சவர். அதைப் படி எடுத்து 120க்கு மேல நாட்டுல, 330 ஊருல கொண்டு வச்சிருக்கான். சென்னை, மும்பை, டெல்லிக்கு 2015லயே வந்துட்டான். எல்லா ஊருக்கும் ஒரே முகவரிதான், எனிகாஸ்ட்னு பேரு. திருச்செந்தூர்ல ஒருத்தி போனைத் தட்டினா அது கிட்டத்து ஊருக்குப் போயிக் கதவைத் தட்டும். அமெரிக்காக்காரன் தட்டினா அவன் ஊருலயே தரிசனம். ஆனா ஆர்டர் போடணும், துட்டு கட்டணும்னா மூலவர்கிட்டத்தான் வந்தாகணும். அதைப் படி எடுத்து வைக்கப்படாது, வச்சா ஒருத்தன் கணக்கு இன்னொருத்தன் கண்ணுக்குத் தெரிஞ்சிரும்.

விலையை ஏத்தினப் பொறவும் பழைய விலைதான் நிக்குன்னு தலையைப் பிச்சுக்கிட்டியே, ஏன்னு தெரியுமா? நீ விலைப்பட்டியலைப் படமா எடுத்துப் போட்டிருக்க. புதுப் படத்துக்கும் பழைய பேரையே வச்சிருக்க. பழைய உற்சவர் இன்னும் தெருவுல சுத்திக்கிட்டு இருக்காரு. அவன் பலகையில ‘பர்ஜ்’னு ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கு. சர்வர்க்காரனுக்கு போன் போட்டு ஏசினது வீண்.

கிட்டத்து ஊருலேர்ந்துதான் வருதான்னு சந்தேகமா? உன் சைட் முகவரிக்குப் பின்னால ‘சிடிஎன்-சிஜிஐ’, ஒரு சாய்கோடு, ‘ட்ரேஸ்’னு இங்கிலீசுல தட்டு. பத்துப் பதினஞ்சு வரி வந்து நிக்கும். அதுல ‘கோலோ’ங்கிற வரியைப் பாரு. எம்.ஏ.ஏ.ன்னு இருந்தா சென்னை. விமான நிலையத்துக்கு உள்ள குறியீட்டையே ஊருக்குப் பேரா வச்சிருக்கான். வேற ஏதோ தூரத்து ஊரு எழுத்து நின்னுச்சுன்னா பதறாத. நெருக்கடி வந்தா துட்டு கட்டாதவன் கூட்டத்தைத்தான் மொதல்ல வேற ஊருக்குத் திருப்பிவிடுவான். இனாம்னா அப்படித்தான். இன்னொண்ணு, அவன் பலகையில உன் முகவரிக்குப் பக்கத்துல ஒரு மேகம் வரைஞ்சிருக்கும். ஆரஞ்சா இருந்தா கூட்டம் அவன் வழியா வருது, சாம்பலா இருந்தா நேரா உன் சர்வருக்கே வருது. சாம்பல் மேகத்துல காவலும் கெடையாது, வேகமும் கெடையாது. ஆரஞ்சு மேகத்தை நான் எந்த ஐப்பசியிலயும் பாத்ததில்ல. உன் புண்ணியத்துல பாத்தாச்சு.

என் கருப்பட்டிக் கடையை எவன் தாக்கப் போறான்னு கேக்காத. ஆளைப் பாத்து அடிக்க காலம் போயிட்டு. 2013 மார்ச்சுல ஸ்பேம்ஹாஸ்னு குப்பை மெயிலுக்கு எதிரா நிக்குத ஒரு அமைப்பு மேல, செகண்டுக்கு 300 கிகாபிட் வரைக்கும் கொட்டினாவ. அன்னைக்கி அதைக் கேட்டு எல்லாரும் வாயைப் பொளந்தாவ. 2025 மே மாசம் ஒரு தாக்குதல் வந்துது, செகண்டுக்கு 7.3 டெராபிட். 45 செகண்டுல 37.4 டெராபைட் கொட்டிட்டுப் போயிட்டான். அதே வருசத்துல 29.7 டெராபிட்டையும் பாத்துட்டாவ. இதுக்கு அடியாள் யாருன்னு தெரியுமா? வீட்டு வாசல்ல மாட்டுத மலிவு கேமரா, மூலையில மினுக்குத ரவுட்டர், இப்படிப்பட்ட சாமானைத்தான் எவனோ தூரத்துலேர்ந்து பிடிச்சு ஆட்டுதான். நீ கேமரா வாங்கி மாட்டினியே, அதோட வந்த பாஸ்வேர்டை மாத்தினியா? மாத்தலைன்னா, பிரான்சுலயோ பிரேசில்லயோ எவன் கடையையோ நீயும் ஒரு கை அடிச்சிருப்ப.

இந்த அடிக்குக் காவல் போடுதவன் முன்னெல்லாம் அடியோட கனத்துக்குத் தக்கபடி துட்டு கேப்பான். 2017 செப்டம்பர்ல இவன், எம்புட்டுப் பெரிய அடி வந்தாலும் கூடுதல் துட்டு கேக்க மாட்டேன், இனாம் ஆளுக்கும் அப்படித்தான்னு சொல்லிட்டான். அதுக்கு முன்னாடியே, 2014 செப்டம்பர்ல, முகவரிக்குப் பக்கத்துல பூட்டுப் படம் வாங்க எல்லாரும் துட்டு செலவழிச்ச காலத்துல, இருவது லட்சம் சைட்டுக்கு அதை ஒரேயடியா இனாமாக் குடுத்தான். 2018ல 1.1.1.1னு ஒரு முகவரித் தேடல் சேவையை விட்டான், அதுவும் இனாம். விட்ட தேதி ஏப்ரல் 1. விளையாட்டுக்குச் சொல்லுதான்னு பாதிப் பேரு நம்பவே இல்ல. எழுதின நிரலை அவன் ஊருகள்லயே ஓடவிடுத ‘வொர்க்கர்ஸ்’ வந்தாச்சு. போட்டு வச்ச சரக்கை வெளிய எடுக்கக் காசு கேக்காத ‘ஆர்2’ கிட்டங்கியும் வந்தாச்சு. 2025 ஜூலை 1லேர்ந்து, புதுசாச் சேருத சைட்டை செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிக்காரன் கேக்காம வந்து சுரண்டிட்டுப் போகாம மொதல்லயே தடுத்துப் போடுதான். வேணும்னா துட்டு குடுத்துட்டுச் சுரண்டட்டும்னு ஒரு ஏற்பாடும் பண்ணியிருக்கான். குப்பை மெயில்காரனைப் பிடிச்ச பழைய புத்தி இன்னும் போகல, பாத்தியா?

எனக்கு ரொம்பப் பிடிச்சது விளக்குச் சுவருதான். சான் பிரான்சிஸ்கோ ஆபீசுக்குள்ள நுழைஞ்சா வரவேற்பறையில சுமார் 100 லாவா விளக்கை வரிசையா அடுக்கியிருக்காவ. கண்ணாடிக் குப்பிக்குள்ள மெழுகு சூடாகி, உருண்டையா மேல ஏறி, ஆறி, கீழ எறங்கும். அடுத்த நிமிசம் எது எங்க நிக்கும்னு எந்தச் சோசியனாலும் சொல்ல முடியாது. அதை ஒரு கேமரா படம் பிடிச்சுக்கிட்டே இருக்கு. முன்னால போயி ஒருத்தன் நின்னா அவன் தலையும் கணக்குல சேந்துரும். அந்தப் படத்துலேர்ந்து வாற தாறுமாறான எண்ணைத்தான் ரகசியப் பூட்டுக்குச் சாவி செய்யச் சேத்துக்கிடுதாவ. லண்டன் ஆபீசுல இதுக்கு ஊசலாட்டம், சிங்கப்பூர்ல யுரேனியத் துணுக்கு ஒண்ணு சிதையுத கணக்கு. ஒழுங்கில்லாததுக்கு ஒரு தனி இலாகாவே வச்சிருக்காவ. உன் மேசையைப் பாத்தா அவிய விளக்கு வாங்கின துட்டு மிச்சமாயிருக்கும்.

இம்புட்டையும் ஒருத்தன் ஏன் இனாமாக் குடுக்கான்? தர்மத்துக்கான்னு கேட்டா தர்மமும் உண்டு, கணக்கும் உண்டு. பங்குச் சந்தைக்குப் போறதுக்கு முன்னால அவனே பத்திரத்துல எழுதியிருக்கான். லட்சக்கணக்கான சின்னச் சைட்டு உள்ள இருந்தா எங்கெங்க எப்படி அடி வருதுன்னு மொதல்ல அவனுக்குத்தான் தெரியும். புது மென்பொருளை மொதல்ல இனாம் ஆளு மேல விட்டுப் பாத்துக்கிடலாம். கூட்டம் பெருசா இருந்தா ஊரூருக்கு இணையம் குடுக்கவன்கிட்ட நல்ல வெல பேசலாம். ஆக நீ சும்மா இருக்கேன்னு நெனைக்க. அவனோ உன்னை வேலை வாங்கிக்கிட்டு இருக்கான். 2019 செப்டம்பர் 13ல ஒரு பங்கு 15 டாலர்னு நியூயார்க் சந்தையில எறங்கினான். 2018ல வரவு 19.3 கோடி டாலர். 2024ல 167 கோடி டாலர். அந்த வருசமும் கடைசி வரியில ஏழே முக்கால் கோடி டாலருக்கு மேல நஷ்டம்னுதான் இருக்கு. வரவு எட்டு மடங்குக்கு மேல ஏறியும் நஷ்டம்னா, நம்ம ஊருல பொண்ணு குடுக்க யோசிப்பான். அங்க அதுக்கு வளர்ச்சின்னு பேரு. உன் கடை நஷ்டத்தையும் அப்படிச் சொல்லிப் பாரு. உங்க அப்பன் கேக்கானான்னு பாப்போம்.

இப்போ அவன் குத்தப் பட்டியலுக்கு வாறேன். 2017 பிப்ரவரியில கூகுள்காரன் டேவிஸ் ஆர்மண்டி ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சான். பக்கத்தைப் படிக்குத நிரல், எல்லைக்கு வந்தாச்சான்னு மட்டும் கேட்டுது, தாண்டிப் போயாச்சான்னு கேக்கல. அந்த ஒரு குறி தப்பினதுல ஒருத்தன் சைட்டோட அந்தரங்கம் இன்னொருத்தன் பக்கத்துல ஒழுகி, தேடுபொறிக் கிட்டங்கியில வரைக்கும் போயி ஒட்டிக்கிட்டு. 2019 ஜூலை 2ல, கெட்ட கோரிக்கையைக் கண்டுபிடிக்க எழுதின ஒரே ஒரு விதி, உலகம் பூரா உள்ள அவன் கணினி மூளையை எல்லாம் முக்க வச்சு, 27 நிமிசம் படுக்கப் போட்டுட்டு.

2025 நவம்பர் 18 இருக்கு பாரு, அதை நீ மறந்திருக்க மாட்ட. சாயங்காலம் 4.50, நம்ம மணிக்கு. தரவுத்தளத்துல யாரு எதைப் பாக்கலாம்ங்கிற அனுமதியை மாத்தினாவ. அதனால ஒரு கேள்விக்கு ஒண்ணுக்கு ரெண்டா பதில் வந்துது. அந்தப் பதிலை வச்சுப் பெறக்குத கோப்பு ரெட்டிப்பாச்சு. ரோபோக்காரனை அடையாளம் பாக்குத நிரலோ 200 அம்சத்துக்கு மேல தூக்க மாட்டேன்னு எழுதி வச்ச நிரல். தூக்கல, விழுந்துட்டு. கூத்து என்னன்னா, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க அந்தக் கோப்பு புதுசாப் பெறக்கும். ஒரு தடவை நல்லதாப் பெறக்கும், சைட்டெல்லாம் எழுந்துக்கிடும். அடுத்த தடவை கெட்டதாப் பெறக்கும், மறுபடி படுத்துக்கிடும். அதைப் பாத்துட்டு, எவனோ பெரிய தாக்குதல் நடத்துதான்னு அவிய மொதல்ல நெனச்சாவ. அடி பட்டது சொந்தக் கையால. எக்ஸ் போச்சு, சாட்ஜிபிடி போச்சு, எவன் சைட் போச்சுன்னு பாத்துச் சொல்லுத டவுன்டிடெக்டரும் போச்சு.

வழக்கமா அவன் பிழைப் பக்கத்துல மூணு படம் வரும். ஒரு ஓரத்துல நீ, நடுவுல அவன், மறு ஓரத்துல உன் சர்வர். பெருக்கல் குறி பெரும்பாலும் உன் சர்வர் மேலதான் விழும். அன்னைக்கி நடுப்படத்துல விழுந்துது. சரி, ஆரஞ்சு மேகத்தைச் சாம்பலாக்கிட்டு நேராவே கடையைத் தொறப்போம்னு பாத்தவனுக்கும் வழியில்ல. நீ மனுசன்தானான்னு கேக்குத அவன் சோதனைதான் அந்தப் பலகைக்கும் வாசல். அதுவும் விழுந்து கெடந்துது. ராத்திரி 8 மணிக்குப் பெரும்பாலும் சரியாச்சு, முழுசாச் சரியாக 10.36 ஆயிட்டு. மறு மாசமே, டிசம்பர் 5ல, மத்தியானம் 2.17க்கு இன்னொரு 25 நிமிசம். பங்குச் சந்தை நடக்குத நேரம். ஜெரோதா, குரோ மாதிரி ஆப்புல பங்கு வாங்கி விக்குத ஆளுகள் திரையைப் பாத்துக்கிட்டு சாமி கும்பிட்டாவ.

ஒண்ணு சொல்லணும். தப்பு நடந்தா அவன் மூடி மறைக்கல. என்ன நடந்துது, எந்த வரியில நடந்துதுன்னு அன்னைக்கே எழுதிப் போட்டான். அது பெரிய குணம். நம்ம ஊருல கரண்டு போனா ஏன் போச்சுன்னு இன்னும் எவனும் எழுதினதில்ல. வெசனம் அங்க இல்ல. உலகத்து வெப்சைட்டுல அஞ்சுல ஒண்ணு அவன் பின்னால நிக்கு. இவனுக்குக் காவல் உண்டு, அவனுக்கு இல்லன்னு அவன் ஒரு நாள் சொன்னா அதுவே தீர்ப்பு. 2017ல ஒரு நாஜிக் கும்பல் சைட்டை வெளிய தள்ளினாவ, 2019ல 8சான்ங்கிற சைட்டைத் தள்ளினாவ. தள்ளினது சரி, தள்ளப்பட வேண்டியதுதான். ஆனா இப்படி ஒரே ஆளு முடிவெடுக்கது நல்லதில்லைன்னு 2017லயே பிரின்ஸே சொன்னாரு. அதிகாரம் கையில இருக்கவனே பயந்து சொல்லுதான். துட்டு கட்டாத நீ கவலை இல்லாம இருக்க!

இப்போ என் புத்திமதி. அவனை விட்டுட்டு வந்துராத. தனியா நின்னு நீ 7 டெராபிட்டைத் தாங்க முடியாது, உன் சர்வர் தீபாவளி ஆர்டரையே தாங்கல. ஆனா பேரைப் பதியுத எடத்தை அவன்கிட்டயே மாத்திராத, அது வேற எடத்துல கெடக்கட்டும். அவன் பலகை தொறக்காத அன்னைக்கிப் பேரை நீயா வேற பக்கம் திருப்பணும்லா? திருப்பினாலும் ஊரு பூரா தெரிய நேரமாகும்னு இப்பவே தெரிஞ்சுக்கோ. உன் சர்வர் முகவரியை ஊருக்கெல்லாம் காட்டாத. மேகத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்ச மூலவரைப் பழைய மெயில் தலைப்புல நீயே எழுதி அனுப்பினா காவலுக்கு அர்த்தமில்ல. வாங்குதவன் பேரு, ஊரு, போன் நம்பரை ஒரு நோட்டுல எழுதி வை. சைட் படுத்துக்கிட்டா போன்ல ஆர்டர் வாங்கத் தெரியுமா? அதுக்கு ஒரு பய வேணும்னு சொல்லாத. உங்க ஆச்சி எல்லா ஆர்டரையும் மனசுலயே வச்சிருந்தா, ஒரு ஆர்டர் விட்டுப் போனதில்ல.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. அவன் மேல்திட்டம் எடுத்தவனுக்கு 100 சதவீதம் ஓடும்னு எழுதிக் குடுத்திருக்கான், நின்னா துட்டுல கழிச்சுக் குடுப்பான். இனாம் ஆளுக்கு அப்படி ஒரு தாளும் கெடையாது. அந்த நவம்பர் 18ல நீ ராத்திரி பூரா அவனை ஏசினியே, எந்த உரிமையில ஏசின? ஏச முடியாத எடத்துல எம்புட்டு வச்சிருக்கன்னு ஒரு நாள் உக்காந்து கணக்குப் போடு. கடை வளந்தா மாசக் காசைக் கட்டு, இல்லாட்டி இழக்கத் துணிஞ்சதை மட்டும் அங்க வை.

இந்தப் புத்திமதிக்கு எனக்குக் கூலி வேண்டாம். வீட்டுக்கு ஒரு சிப்பம் கருப்பட்டி மட்டும் அனுப்பு. இனாமா அனுப்பாத, விலையைச் சொல்லு, துட்டு குடுத்துருதேன். கருப்பட்டியில மண்ணு கெடந்தா உன்னை நான் ஏசணும்லா?